ஓரத்தில் ஒரு கேள்வி

பாம்பனில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் என் நாவலின் திருத்தப் பிரதி எடிட்டரிடமிருந்து போனில் வந்தது.

முதலில் கண்ணில் பட்டது 11-ஆம் அத்தியாயத்தின் ஓரத்தில் இருந்த ஒரு கேள்வி. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பர் 22 இரவைப் பற்றி ஒரு பெரியவர் பேரனிடம் "அமாவாசை இருட்டுடா அன்னைக்கு" என்று சொல்வார். அதற்கு எடிட்டர் எழுதியிருக்கிறார்: "டிசம்பர் 19தான் பௌர்ணமி. மேகம் மூடியதால் அவர் மனதில் அப்படிப் பதிந்துவிட்டதா? அப்படியானால் தொட வேண்டாம்."

அப்படியே நின்றுவிட்டேன்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய நிலாவைத் தேடிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, தானே திருத்திவிடாமல், அந்தப் பெரியவரின் ஞாபகத்துக்கு மரியாதை கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

விவரிப்பில் ஒற்று ஒன்றைக்கூட விடாதவர், எங்கள் கரைப் பேச்சில் மட்டும் கைவைக்கவே இல்லை. எந்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன வயது, தடைக்காலம் எப்போது (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது இல்லையா), எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். இத்தனைக்கும் அவர் கடலோரத்துக்காரர் இல்லை.

தமிழில் பல நாவல்கள் மெய்ப்பு பார்ப்பதோடு அச்சுக்குப் போய்விடுகின்றன. எழுதியவருக்கு அடுத்தபடியாக ஒரு நாவலை வரிவரியாக வாசிக்கிறவருக்கு அட்டையில் இடமில்லை, வெளியீட்டு மேடையில் நாற்காலியும் இல்லை. எனக்கு இது வருத்தமாகவே இருக்கிறது.

பதிப்புரிமைப் பக்கத்தில் அவர் பெயரும் வர வேண்டும் என்று பதிப்பாளரிடம் இன்றே கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார்.