நாட்காட்டித் தாளின் பின்புறம்

என் மகளுக்கு இரண்டரை வயது நடக்கிறது. கடந்த ஆடி மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அதிகம் ஒலித்த சொல் 'அடம்' என்பதுதான். தட்டை மாற்றி வைத்தால் அழுகை. செருப்பை நான் மாட்டிவிட்டால் அழுகை. சில நாட்களில் தரையில் விழுந்து புரண்டு, மூச்சடைக்கும் அளவுக்கு அழுகை. ஒரு மாலையில் பொறுமையிழந்து முதுகில் அடித்துவிட்டேன். அவளோ, அடித்த என்னிடமே ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் பிடி இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

அதன்பின் படித்தவற்றுள், அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் குடினஃப் 1931-இல் வெளியிட்ட ஆய்வு என் கண்ணைத் திறந்தது. குழந்தைகள் எப்போது சினம் கொள்கிறார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அவர்களுடைய தாய்மார்களையே வீட்டில் குறித்துவைக்கச் செய்தார் அவர். உணவு வேளைக்கு முன்பும் உறங்கும் நேரம் நெருங்கும்போதும் சினம் மிகுதியாவது அந்தக் குறிப்புகளில் தெரிந்தது.

நானும் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதத் தொடங்கினேன். மூன்று வாரங்களில் 34 குறிப்புகள் சேர்ந்தன. அவற்றில் 19 மாலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்டவை. மூன்றரை மணிக்குப் பால் குடிப்பவளுக்கு எட்டு மணிக்குத்தான் இரவு உணவு கொடுத்துவந்தோம். "பசித்தால் கேட்கத் தெரியாதா அவளுக்கு?" என்றார் அத்தை. 'சோறு' என்ற சொல் அவளுக்குத் தெரியும். ஆனால் வயிற்றில் ஏற்படும் அந்த எரிச்சல்தான் பசி என்று உணர்ந்து, அதை அடக்கிக்கொண்டு, சொல்லாக்கிக் கேட்பது வேறு திறன். உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர்வதற்கு ஏறத்தாழ 25 வயதாகிறது. இப்போது ஐந்தரை மணிக்கே அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கோ இட்லியோ கொடுத்துவிடுகிறோம். மாலை அழுகை பெருமளவு குறைந்துவிட்டது.

கைப்பேசிக்கான அழுகைக்குக் காரணம் எங்களிடமே இருந்தது. ஒருநாள் மறுப்போம், மறுநாள் அழுகை பொறுக்காமல் மாமா கொடுத்துவிடுவார். எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கமே எளிதில் விடாது என்பதை உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் விலங்குகளைக் கொண்டே காட்டியிருக்கிறார். மதிய உறக்கத்துக்குப் பின் சிறிது நேரம் மட்டும் கைப்பேசி, அழுது கேட்டால் யாரும் கொடுப்பதில்லை என்று வீட்டில் உள்ள நால்வரும் பேசி முடிவெடுத்தோம். முதல் நான்கு நாட்கள் முன்னிலும் கூடுதலாக அழுதாள். அந்நாட்களில் அவளை மடியில் வைத்துக்கொண்டோமே தவிர, பூச்சாண்டியைக் கூப்பிடவில்லை. தனக்கே புரியாத தவிப்பில் இருக்கும் குழந்தைக்கு அச்சத்தையும் சேர்த்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பூங்காவிலிருந்து கிளப்புவதும் இப்போது எளிதாகியிருக்கிறது. 'ஐந்து நிமிடம்' என்பது அவளுக்கு வெறும் ஓசை. 'இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டு வீட்டுக்கு' என்றால், தானே விரல்களை மடக்கி எண்ணிவிட்டு வருகிறாள்.

விடை கிடைக்காமல் இருந்தவை ஞாயிற்றுக்கிழமை இரவுக் குறிப்புகள். வயிறு நிறைந்திருந்தும், உறக்கம் வராதபோதும் அழுதிருக்கிறாள். தாள்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவள் அப்பா கோவை செல்லும் பேருந்துக்காகப் பையை எடுத்துவைக்கும் வேளை அது. இப்போதெல்லாம் அவருடைய தண்ணீர்ப் புட்டியைத் தெருமுனை வரை அவள்தான் தூக்கிச் செல்கிறாள். சில வாரங்களில் அழுகிறாள், அப்போது, "அப்பா போறார்னு அழுகையா வருதா?" என்று கேட்டால் தலையசைக்கிறாள்.