ரெய்டு இருக்கு, ரெப்ளிகா இருக்கு, சரி பேக்கப் எங்க?

சர்வர்ல ரெய்டு (டிஸ்க் செத்தாலும் டேட்டா போகாம பல டிஸ்க்ல சேத்து வைக்கிற முறை) போட்டாச்சு, ரெப்ளிகாவும் (டேட்டாபேஸ் மாற்றத்த உடனுக்குடனே காப்பி பண்ணிக்கிற இன்னொரு சர்வர்) ஓடுது, இன்னும் தனியா பேக்கப்புக்கு எதுக்குங்க காசுன்னு ஒவ்வொரு பட்ஜெட் மீட்டிங்லயும் யாராவது ஒருத்தர் கேப்பாரு. சும்மா சிரிச்சிட்டு விட்டுர முடியாது, ஏன்னா கேக்குறவரு பாதி நேரம் நல்லா விஷயம் தெரிஞ்சவராத்தான் இருப்பாரு.

ரெய்டு 1-ன்னா ஒரே டேட்டா ரெண்டு டிஸ்க்ல இருக்கு, ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்கும். ரெய்டு 6-ல ரெண்டு டிஸ்க் போனாலும் வண்டி ஓடும். எல்லாம் சரிதான், ஆனா இதெல்லாம் ஹார்டுவேர் சாவுக்கு மட்டும்தான் மருந்து. நீங்க டேட்டாபேஸ்ல எத மட்டும் அழிக்கணும்னு சொல்ற வேர் (WHERE) கண்டிஷன் போடாம ஒரு டெலீட் அடிச்சீங்கன்னா ரெண்டு டிஸ்க்லயும் அதே நேரத்துல டேட்டா போயிரும், ரெப்ளிகால சில மில்லிசெகண்ட் கழிச்சுப் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். நல்லது கெட்டது பாக்காம வந்தத அப்படியே காப்பி பண்றதுதான் அதோட வேலையே.

இதுக்கு கப்பல் கம்பெனி மெர்ஸ்க் கதைய விட நல்ல சாட்சி கிடையாது. 2017 ஜூன்ல டேட்டாவ அழிக்கிற நாட்பெட்யா வைரஸ் அடிச்சப்போ, உலகம் முழுக்க இருந்த அவங்க டொமைன் கன்ட்ரோலர் (யார் லாகின் பண்ணலாம்னு பாக்குற சர்வர்) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சிங்க் ஆகிட்டு இருந்துச்சு, ஒண்ணு போனா இன்னொண்ணுல இருந்து எடுத்துக்கலாம்ங்கறதுதான் பிளான். எல்லாமே ஒரே நேரத்துல போகும்னு பிளான்ல யாரும் எழுதல. மிஞ்சினது கானா ஆபீஸ்ல இருந்த ஒரே ஒரு மெஷின், அதுவும் கரண்ட் கட்டாகி நெட்வொர்க்ல இல்லாம கிடந்ததால தப்பிச்சது. அங்க இருந்த லைன் ரொம்ப ஸ்லோ, கடைசில டிஸ்க்க ஆள் கையில கொடுத்து பிளைட்ல கொண்டு வந்தாங்களாம். மத்ததோட தொடர்பு இல்லாம தனியா கிடந்த காப்பிதான் காப்பாத்துச்சு, அது யாரும் திட்டம் போட்டு வச்சதும் இல்ல.

சரி, தனி பேக்கப் இருந்தா நிம்மதியா தூங்கலாமான்னா அதுவும் இல்ல. புரோகிராம் கோட் சேத்து வைக்கிற தளமான ஜிட்லேப், 2017 ஜனவரி 31 ராத்திரி நடந்தத அவங்களே விலாவாரியா எழுதி வெளியிட்டாங்க, சர்வர் பக்கம் வேலை பாக்குற எல்லாரும் ஒருமுறை படிக்கணும். செகண்டரி டேட்டாபேஸ் (அவங்க ரெப்ளிகா) பின்தங்கிருச்சு, திரும்ப சிங்க் பண்ண அதோட டேட்டா டைரக்டரிய காலி பண்ணணும், இன்ஜினியர் கமாண்ட் அடிச்சது பிரைமரி, அதாவது மெயின் சர்வர்ல. ஒண்ணு ரெண்டு செகண்ட்ல புரிஞ்சு நிறுத்திட்டாரு, அதுக்குள்ள சுமார் 300 ஜிபில 4.5 ஜிபிதான் மிச்சம்.

ராத்திரி நேரத்துல கை தப்புறது யாருக்கும் நடக்கும், அத நான் பெருசா எடுத்துக்கல. அதுக்கப்புறம் பேக்கப்ப தேடுனாங்க பாருங்க, அதுதான் கதை. தினமும் பிஜி டம்ப் (டேட்டாபேஸோட முழு காப்பி) எடுத்து எஸ்3-ல (அமேசான் கிளவுட் ஸ்டோரேஜ்) போடற ஏற்பாடு இருந்துச்சு, பக்கெட்ட திறந்தா காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கற டூல் 9.2, வெர்ஷன் ஒத்துப்போகாம தினமும் ஃபெயில் ஆகியிருக்கு. ஃபெயில் ஆச்சுன்னு மெயில் போயிருக்கணுமே? போச்சு, டிமார்க் (மெயில் போலியா இல்லையான்னு பாக்குற முறை) செட்டிங் சரியில்லாததால அந்த மெயிலையே வாங்குற பக்கம் தள்ளிவிட்டுருச்சு. டிஸ்க் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில டிஸ்க் இருக்கற நிலைய அப்படியே பிடிச்சு வைக்கிறது) வசதி டேட்டாபேஸ் சர்வருக்கு ஆன் பண்ணவே இல்ல. கடைசில கைகொடுத்தது, ஸ்டேஜிங்ல (சோதனைக்கான சர்வர்) ஏதோ டெஸ்ட் பண்ண ஒருத்தர் ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி கைல எடுத்து வச்ச எல்விஎம் (லினக்ஸ்ல டிஸ்க்க நிர்வகிக்கிற வசதி) ஸ்னாப்ஷாட். அந்த ஸ்டேஜிங் டிஸ்க்கும் ஸ்லோ, காப்பி ஆகி சைட் எழுந்திரிக்க சுமார் 18 மணி நேரம்.

இந்த நேரக் கணக்க யாரும் முன்கூட்டியே போட்டுப் பாக்குறதே இல்ல. 10 டிபி டேட்டாவ 1 ஜிபிபிஎஸ் (செகண்டுக்கு ஒரு ஜிகாபிட்) லைன்ல முழு வேகத்துல இழுத்தாலே 22 மணி நேரம் ஆகும், முழு வேகம் நிஜத்துல கிடைக்கவும் கிடைக்காது. நாலு மணி நேரத்துல எழுந்திருவோம்னு ஆர்டிஓல (எவ்வளவு நேரத்துல மீண்டு வரணும்ங்கற இலக்கு) எழுதி கையெழுத்தும் போட்டு வச்சிருப்பாங்க, டேட்டா எங்க இருந்து எந்த லைன்ல வரும்னு கேட்டா பதில் இருக்காது. நான் பேக்கப் ரிப்போர்ட்ல இருக்கற பச்சை டிக்க பாக்கறதே இல்ல, கடைசியா வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி ஆப்ப ஓட்டிப் பாத்த தேதி எதுன்னுதான் கேப்பேன், அந்தக் கேள்விக்கு ரூம் கொஞ்சம் அமைதியாயிரும்.

இடமும் முக்கியம். 2021 மார்ச்ல பிரான்ஸ் ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் கிளவுட் கம்பெனியோட டேட்டா சென்டர் எரிஞ்சப்போ, சர்வரும் பேக்கப்பும் அதே இடத்துல வச்சிருந்த சில கஸ்டமருக்கு ரெண்டும் போச்சு. 2025 செப்டம்பர்ல தென் கொரியாவுல டேஜான் அரசு டேட்டா சென்டர்ல தீ, அரசு ஊழியர்கள் ஃபைல் வச்சிருந்த ஜி டிரைவ்ல 858 டிபி போச்சு, சைஸ் ரொம்ப பெருசுங்கறதால வெளிய காப்பியே எடுக்கலையாம். மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துலன்னு சொல்ற 3-2-1 பழைய ரூல்தான், இப்ப ரான்சம்வேர் (டேட்டாவ பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) ஆளுங்க உள்ள வந்தா முதல்ல பேக்கப்ப தேடித்தான் அழிக்கறாங்க, அதனால அட்மினே நினைச்சாலும் குறிப்பிட்ட நாள் வரைக்கும் அழிக்க முடியாத காப்பி ஒண்ணு கட்டாயம் வேணும்.

அப்புறம் ரன்புக், அதாவது சர்வர் விழுந்தா என்னென்ன செய்யணும்ங்கற குறிப்பு. பாதி இடத்துல அது இருக்கறதே விழுந்துபோன அதே சர்வர்ல ஓடுற விக்கிலதான். 2021 அக்டோபர்ல ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் படுத்தப்போ, சரிபண்ண உதவுற உள் டூல்ஸும் அதோடயே படுத்துருச்சு. அதனால ரன்புக்க பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வைங்க: எத முதல்ல எழுப்பணும் (பேர வச்சு சர்வர் முகவரிய சொல்ற டிஎன்எஸ், லாகின் சர்வர், அப்புறம்தான் டேட்டாபேஸ்), யாருக்கு ஃபோன் பண்ணணும், பேக்கப்போட என்க்ரிப்ஷன் கீ எங்க இருக்கு. கீ இருக்கற பாஸ்வேர்ட் வால்ட்ட திறக்க எந்த சர்வர் ஓடிட்டு இருக்கணும்ங்கறதையும் அப்படியே பாத்துருங்க.