லூப்14 கழன்று வராத இரவு

எஸ்டி கார்டு இன்னும் வந்து சேரவில்லை. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டருக்கான பழைய லைட் இமேஜ் (கார்டில் எழுதவேண்டிய முழு சிஸ்டமும் அடங்கிய ஒற்றை ஃபைல்) ஒன்று லேப்டாப்பில் கிடந்தது. கார்டு வருவதற்குள் அதை 2 ஜிபி பெரிதாக்கி, ஹோஸ்ட்நேமையும் (நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரின் பெயர்) மாற்றி வைத்துவிடலாம் என்று நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். வெறும் ஃபைலை டிஸ்க் என்று லினக்ஸின் மையமான கெர்னலை நம்பவைக்க லூப் டிவைஸ் என்ற போலி டிஸ்க் போதும்.

முன்பெல்லாம் இதற்குக் கணக்குப் போட வேண்டியிருக்கும். இந்த இமேஜின் ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் பகுதி) செக்டர் 532480-இல் தொடங்குகிறது. ஒரு செக்டர் 512 பைட்; அதனால் பெருக்கினால் 272629760. அந்த எண்ணை ஆஃப்செட்டாக (தொடங்கும் இடமாக) கொடுக்கும்போது ஒரு இலக்கம் பிசகினாலும் மவுண்ட் ஆகாது, அதாவது உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திறக்க முடியாது. இப்போது லோசெட்டப் என்ற லூப் கமாண்டில் ஸ்மால் எஃப், கேப்பிடல் பி, கூடவே ஷோ என்று கொடுத்தால் காலியான லூப்பை அதுவே பிடித்து, பார்ட்டிஷன்களையும் படித்து, பெயரைச் சொல்லிவிடுகிறது. எனக்கு லூப்14. சுழியத்திலிருந்து 13 வரை உபுண்டுவின் ஸ்னாப்கள் (லூப் வழியே மவுண்ட் ஆகும் ஆப் பேக்கேஜ்கள்) குடியேறிவிட்டன!

ட்ரங்கேட் கமாண்ட் போட்டு ஃபைலில் 2 ஜிபி சேர்த்தேன். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே-யில் பார்த்தால் லூப்14 அதே பழைய அளவு. ஃபைல் வளர்ந்தது லூப்புக்குத் தானாகத் தெரியாது. லோசெட்டப் ஸ்மால் சி கொடுத்ததும் புது அளவு வந்தது. அப்புறம் பார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவியில் இரண்டாவது பார்ட்டிஷனை (அதுதான் ரூட்) 100% வரை இழுத்து, ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்க ஈ2எஃப்எஸ்சிகே, பெரிதாக்க ரீசைஸ்2எஃப்எஸ். இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

மவுண்ட் செய்து ஹோஸ்ட்நேமை மாற்றினேன். பிறகுதான் இது ஆறு மாதத்துக்கு முந்தைய இமேஜ், வேறு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவசரப்பட்டு முதலில் ஃபைலை ஆர்எம் (டிலீட்) செய்துவிட்டு, அப்புறம் லூப்பைக் கழற்ற லோசெட்டப் ஸ்மால் டி அடித்தேன். பிழை எதுவும் வரவில்லை, கழன்றுவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் டிஸ்கில் மிச்சமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப்-இல் ஒரு எம்பி கூடத் திரும்பி வரவில்லை.

லூப்களைப் பட்டியலிட லோசெட்டப் ஸ்மால் எல் போட்டுப் பார்த்தால் லூப்14 அசையாமல் நிற்கிறது. ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் 'டிலீட்டட்', ஆட்டோகிளியர் (தானாகக் கழற்று) பத்தியில் 1. மவுண்ட் ஆகியிருக்கும் லூப்பைக் கழற்றச் சொன்னால் கெர்னல் மறுப்பதில்லை. அதைப் பயன்படுத்தும் கடைசி ஆள் வெளியேறியதும் கழற்றிக்கொள்கிறேன் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். பெயர் போனாலும் லூப் பிடித்திருக்கும்வரை ஃபைலின் இடமும் விடுபடாது.

சரி, யுமவுண்ட் (மவுண்டை நீக்க) செய்யலாம் என்றால் 'டார்கெட் ஈஸ் பிஸி'. யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃபியூசரைக் கேட்டேன். பாஷ் (டெர்மினலில் ஓடும் ஷெல்) ஒன்றின் எண்ணைக் கொடுத்தது. ஹோஸ்ட்நேமை மாற்றிய இன்னொரு டெர்மினல் டேப், இமேஜுக்குள் இருக்கும் ஈடிசி ஃபோல்டரிலேயே உட்கார்ந்திருந்தது. அதை மூடிவிட்டு மறுபடி யுமவுண்ட். மறுபடி ஸ்மால் டி அடிக்க வேண்டிய வேலையே இல்லாமல் லூப்14 தானாக மறைந்தது, டிஎஃப்-இல் இடமும் வந்தது.

புது இமேஜ் இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது.