125 கையொப்பங்கள்: கவுண்டித் தேர்தலில் சுயேச்சையாக நின்ற அனுபவம்

அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் நாங்கள் பதினெட்டு ஆண்டுகளாக வாழும் கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவுக்கு, 2023 நவம்பர் 7ஆம் தேதி நடந்த தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டேன். கவுண்டி என்பது நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய ஒரு மாவட்டம். அதன் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதும், சொத்து வரி விகிதத்தை முடிவு செய்வதும், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று தீர்மானிப்பதும் அந்தக் குழுவின் பொறுப்பு. தேர்தலில் நான் தோற்றேன். ஆயினும், "நாமும் நிற்க முடியுமா, என்னென்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடியிருப்பதால், நடந்தவற்றை எழுதிவைக்கிறேன்.

எங்கள் குடியிருப்புக்கும் கிளை நூலகத்துக்கும் இடையே ஆறு தடங்கள் கொண்ட சாலை ஒன்று ஓடுகிறது. பாதசாரிகள் கடப்பதற்கான கோடுகளோ விளக்கோ அங்கே கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், தோளில் நூலகப் பையுடன் அந்தச் சாலையின் நடுத்திட்டில் நின்று, இரு பக்கமும் விரையும் வண்டிகளை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் மாடிச் சன்னலிலிருந்து கண்டேன். நான் இறங்கி ஓடிச் சேர்வதற்குள் அவராகவே கடந்துவிட்டார்; ஆனால் அதன் பிறகு அவர் தனியாக நூலகத்துக்குப் போகவே இல்லை. குழுவின் கூட்டங்களில் பொதுமக்கள் பேசுவதற்கு ஒதுக்கிய நேரத்தில் மூன்று முறை இதைச் சொல்லியும் ஒன்றும் நடக்காததால்தான், கேட்கும் இடத்திலிருந்து முடிவெடுக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது.

போட்டியிட முடிவெடுத்ததும் முதலில் படிக்க வேண்டியிருந்தது, கவுண்டிக்கு எந்த அதிகாரமெல்லாம் இல்லை என்பதைத்தான். வர்ஜீனியாவில் மாநிலச் சட்டமன்றம் வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரங்களையும், அவற்றிலிருந்து தவிர்க்க முடியாமல் விளையும் அதிகாரங்களையும் மட்டுமே உள்ளாட்சி அமைப்புகள் பயன்படுத்த முடியும். சாலைகளோ, 1932இல் வந்த சட்டத்தின்படி, பெரும்பாலான கவுண்டிகளில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் பராமரிப்பில் உள்ளன. ஆர்லிங்டனும் ஹென்ரைகோவும் விதிவிலக்குகள். ஆகவே, "கடவுப்பாதை அமைப்பேன்" என்று எழுதிவைத்திருந்த துண்டறிக்கையை, "கடவுப்பாதைக்குக் கவுண்டி நிதியை ஒதுக்கச் செய்து, மாநிலத்திடம் அனுமதி பெறப் பாடுபடுவேன்" என்று திருத்தினேன். முழக்கத்தின் வேகம் குறைந்துவிட்டது என்று நண்பர்கள் வருந்தினார்கள். கையில் இல்லாத அதிகாரத்தை வாக்குறுதியாகக் கொடுப்பது தவறு என்பதில் எனக்கு அன்றும் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

பெயர் வாக்குச்சீட்டில் ஏற வேண்டுமானால், தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் 125 பேரின் கையொப்பத்தோடு மனுவை ஜூன் மாதத்தின் மூன்றாம் செவ்வாய்க்கிழமை மாலை 7 மணிக்குள் தேர்தல் பதிவாளரிடம் சேர்ப்பிக்க வேண்டும். தேர்தல் நடக்கும் ஆண்டின் ஜனவரி முதல் நாளிலிருந்து கையொப்பம் வாங்கலாம். ஒவ்வொரு தாளிலும், அதை வாங்கியவர் நோட்டரியின் முன் உறுதிமொழி அளித்துக் கையெழுத்திட வேண்டும். இதனுடன் வேட்பாளர் தகுதிச் சான்று, பொருளாதார நலன் அறிக்கை ஆகிய படிவங்களும் உண்டு. 125 என்பது சின்ன எண் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். முதல் இரண்டு வாரங்களில் சேர்ந்த 40 கையொப்பங்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது 17 தேறவில்லை. சிலர் சாலைக்கு அந்தப் பக்கம், வேறு தொகுதியில் இருந்தார்கள். சிலர் வீடு மாறிய பின் முகவரியைப் புதுப்பிக்கவில்லை. அதன் பிறகு, "எந்தத் தெரு?" என்பதையே முதல் கேள்வியாக வைத்துக்கொண்டு 200ஐத் தாண்டும் வரை நிறுத்தவில்லை. நிற்க நினைப்பவர்கள் ஒன்றரை மடங்காவது வாங்கிவிட வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, இந்திய மளிகைக் கடை வாசலில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தேன். மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேனாவைக் கையில் வாங்கி, பிறகு திருப்பிக் கொடுத்தார். "அக்கா, பன்னிரண்டு வருஷமா இங்கதான் இருக்கேன். வீட்டு வரியும் கட்டுறேன். ஆனா இன்னும் எச்-1பிதான். என் கையெழுத்து செல்லாதே," என்றார். எச்-1பி என்பது தற்காலிக வேலை விசா; அதில் இருப்பவருக்கு வாக்குரிமை இல்லை. மறு வாரம் அவர் அனுப்பிய 50 டாலர் காசோலையையும் நான் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. குடியுரிமையோ, நிரந்தரமாக வசிக்க அனுமதிக்கும் பச்சை அட்டையோ இல்லாதவர்கள் உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூட நன்கொடை தரக் கூட்டாட்சிச் சட்டம் இடம் தருவதில்லை. ஊதியமின்றி உழைக்கத் தடையில்லை என்பதால், அவர் தேர்தல் வரை ஒவ்வொரு வார இறுதியிலும் எங்களோடு நடந்தார். வாக்கு இல்லாத அவர் அறிந்திருந்த அளவுக்கு அந்தத் தெருக்களின் குறைகளை எங்களில் வேறு யாரும் அறிந்திருக்கவில்லை.

பணக் கணக்கை ஒரு பொருளாளரிடம் ஒப்படைத்துத் தனி வங்கிக் கணக்கில் வைத்ததால் அதில் சிக்கல் வரவில்லை. வர்ஜீனியாவில் நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. அதனால் பெரிய இடத்துப் பணம் யாரிடம் போகிறது என்பதை நாமே வேட்பாளர்களின் நன்கொடைக் கணக்கு அறிக்கைகளைத் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறக்குறைய 1,400 கதவுகளைத் தட்டினோம். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டதைக் கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன். இணையச் சேவைகளுக்கான கணினிகளை அடுக்கிவைத்திருக்கும் டேட்டா சென்டர்களின் குளிரூட்டிகள் இரவெல்லாம் இரைகின்றன என்று ஒரு தெருவிலும், அவை கட்டும் வரியால்தான் எங்கள் வீட்டு வரி ஏறாமல் இருக்கிறது என்று அடுத்த தெருவிலும் சொன்னார்கள். இரண்டும் உண்மை. குடியிருப்புகளை ஒட்டி அவை வரக்கூடாது, வருவதாக இருந்தால் மக்களைக் கேட்காமல் அனுமதி தரக்கூடாது என்பதே என் நிலைப்பாடாக இருந்தது. முதியவர்களை மெட்ரோ நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லும் சிற்றுந்து வேண்டும் என்ற கோரிக்கை நான் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தது.

நான் செய்த பெரிய தவறு காலக் கணக்கில் நேர்ந்தது. தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன்பே அங்கே வாக்குப்பதிவு தொடங்கிவிடுகிறது. எங்கள் துண்டறிக்கைகள் அச்சாகி வந்ததோ அக்டோபர் நடுவில். "உங்களைப் பற்றித் தெரியவே தெரியாதே, போன வாரமே போட்டுவிட்டோமே," என்று கதவைத் திறந்த எத்தனையோ பேர் சொன்னார்கள். மேலும், கவுண்டிப் பதவிகளுக்கான வாக்குச்சீட்டில் கட்சியின் பெயர் இடம்பெறாது என்பது சுயேச்சைக்குச் சாதகம் என்று நம்பியிருந்தேன். ஆனால் வாக்குச்சாவடிக் கதவிலிருந்து 40 அடிக்கு அப்பால் இரு கட்சிகளின் தொண்டர்களும், தங்கள் கட்சி ஆதரிப்பவர் யார் என்று குறித்த மாதிரிச் சீட்டுகளோடு காலை 6 மணிக்கே நின்றிருந்தார்கள். எங்களுக்கு எல்லாச் சாவடிகளிலும் நிற்க ஆட்கள் போதவில்லை. மூன்றாம் இடமே கிடைத்தது.

டிசம்பரில், வெற்றி பெற்றவரைச் சந்தித்து நோட்டின் நகலைக் கொடுத்தேன். அவர் அங்கேயே உட்கார்ந்து புரட்டி, சிற்றுந்து பற்றிய பக்கங்களில் விரலை வைத்து, இத்தனை பேரா என்று கேட்டார். மார்ச் மாதம் நடந்த வரவு செலவுத் திட்டப் பொதுவிசாரணையில் மதுரைத் தம்பியும் நானும் பேசினோம். பேசுவதற்கு அங்கே குடியுரிமை கேட்பதில்லை. கடவுப்பாதைக்கான ஆய்வுக்கு நிதி ஒதுக்கினார்கள். சிற்றுந்துக்கு ஒதுக்கவில்லை, அந்தப் பக்கங்களோடு அடுத்த மார்ச்சிலும் போய்ப் பேசினோம்.