பட்டாணிக்கு எதற்கு இத்தனை யூரியா?

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் எங்களுக்கு இருப்பது 60 சென்ட் நிலம், காடு என்போம். மேலும் கீழுமாக இரண்டு மட்டம். ஒரு போகம் உருளைக்கிழங்கு அல்லது பூண்டு, அடுத்த போகம் பட்டாணி. அப்பா காலத்திலிருந்து எல்லாப் பயிருக்கும் ஒரே பழக்கம்தான். அடியுரமாக தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உள்ள டிஏபி, களை எடுத்ததும் தழைச்சத்து மட்டும் உள்ள யூரியா, பூ எடுக்கும்போது இன்னொரு தடவை யூரியா.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மனைவி எழுதி வைத்திருந்த செலவு நோட்டை ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். பட்டாணியில் விதை, உரம், பறிப்புக் கூலி, லாரி வாடகை, கமிஷன் எல்லாம் போக எங்கள் இரண்டு பேர் கூலிகூட மிஞ்சவில்லை. சந்தை விலை நம் கையில் இல்லை, லாரி வாடகையும் இல்லை. கைவைக்க முடிந்தது உரத்தில் மட்டும்தான்.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மானியத்தால் அந்த விலை. டிஏபி 50 கிலோ 1350. யூரியா மலிவு என்பதால் கை தாராளமாகப் போய்விடுகிறது. ஆனால் அந்த மலிவு மூட்டையோடு ஒரு நுண்ணூட்டப் பாக்கெட்டையும் வாங்கினால்தான் தருவேன் என்றார் நான் வாங்கும் கடைக்காரர். பாக்கெட் விலை யூரியாவைவிட அதிகம். பல வருடம் பேசாமல் வாங்கி வந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்தச் சமயத்தில் காட்டுக்கு வந்த தோட்டக்கலை அலுவலர் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுக்கச் சொன்னார். வாளித் தண்ணீரில் அலசினேன். வேரில் கடுகு அளவில் நாலைந்து முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினார். உள்ளே வெளுத்துக் கிடந்தது. "வேலை செய்யுற முடிச்சா இருந்தா உள்ளே ரோஜா நிறமா இருக்கும் தம்பி. நீங்க யூரியாவைக் கொட்டுறீங்க, அப்புறம் செடி எதுக்குக் காத்துல இருந்து தழைச்சத்து எடுக்கணும்?" என்றார். கொடி மட்டும் இடுப்பளவு வளர்ந்து, அடர்ந்து, சாம்பல் நோய் பிடித்து, காய் குறைந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில், பட்டாணி போலவே வேரில் முடிச்சு விடும் சோயா மொச்சைக்கு ஹெக்டேருக்கு 20 கிலோ தழைச்சத்து, 80 கிலோ மணிச்சத்து என்று போட்டிருக்கிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். கணக்குப் பார்த்தால், இரண்டரை ஏக்கர் சோயாவுக்கு வேண்டிய தழைச்சத்து ஒரே மூட்டையில் அடங்கிவிடும். பட்டாணிக்கு அளவு வேறு, சரிதான். ஆனாலும் 60 சென்டுக்கு நான் ஒன்றரை மூட்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மண் பரிசோதனையில் கார அமில நிலை (pH) 5 என்று வந்தது, அமிலம் ஏறிய புளித்த மண். வேர் முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிரான ரைசோபியம் இப்படிப்பட்ட மண்ணில் சரியாகத் தழைக்காது. காசு கொடுத்துப் போடும் மணிச்சத்தையும் இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். யூரியா போடப் போட மண் இன்னும் புளிக்கும். ஆக, 1350 ரூபாய் டிஏபியை வீணாக்கியதில் 266 ரூபாய் யூரியாவுக்கும் பங்கு உண்டு.

போன வருடம் கீழ் மட்டத்தில் மட்டும் மாற்றினேன். விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பு தூவிக் கொத்திவிட்டோம். அரிசிக் கஞ்சியை நன்றாக ஆறவைத்து, பட்டாணி ரைசோபியம் பாக்கெட்டைக் கரைத்து, விதையில் பிசிறினாள் மனைவி. சூடு இருந்தால் நுண்ணுயிர் செத்துவிடும் என்று மூன்று தடவை விரலை விட்டுப் பார்த்தாள். சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி நேரம் காய வைத்து விதைத்தோம். டிஏபியை வீசாமல் விதைக்குப் பக்கத்தில் சாலில் வைத்தோம். அதற்கு மேல் யூரியா போடவே இல்லை.

கொடி மேல் மட்டத்தைவிடக் குட்டைதான். அப்பாவுக்கு முகமே சரியில்லை. "பயிரைப் பட்டினி போடுறியேடா" என்றார். பறிப்பு முடிந்தபோது கீழ் மட்டத்தில் ஒரு மூட்டை காய் கூடுதல். மேல் மட்டத்து மண் மழையில் அடித்து வந்து கீழே தங்குவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் மருந்து ஒரு தடவைதான் அடித்தோம், யூரியா செலவு இல்லை, நுண்ணூட்டப் பாக்கெட்டும் வாங்கவில்லை. நோட்டில் அந்த மட்டத்துக்குக் கூலி போக மிச்சம் நின்றது.

இந்தப் போகம் மேல் மட்டத்துக்கும் சுண்ணாம்பு வந்து இறங்கியிருக்கிறது. நேற்று அப்பா தானாகவே கீழ் மட்டத்துக்குப் போய் ஒரு செடியைத் தோண்டி, முடிச்சைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.