‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ என்று எழுதிய அறிக்கை

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக்குழுவின் முன் வைக்கப்படும் சமூக விசாரணை அறிக்கையில் வருமானம், வீட்டின் நிலை, பள்ளி விவரம் எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு, பெற்றோரைப் பற்றிக் களப்பணியாளர் தம் கருத்தைச் சில வரிகளில் எழுத வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டுகளில் அந்த வரிகளை நான் மிக வேகமாக எழுதினேன். ‘தாய்க்கு அக்கறை போதாது’, ‘குடும்பத்தினர் ஒத்துழைக்க மறுக்கின்றனர்’ என்றெல்லாம் எழுதும்போது, அவை கண்ணால் கண்ட உண்மைகள் என்றே நம்பினேன். படித்த ஆய்வுகளால் உனக்கு என்ன பயன் என்று இப்போது யாராவது கேட்டால், அந்த வரிகளுக்கு வரும்போது பேனா கொஞ்சம் நிற்கிறது என்றுதான் சொல்வேன்.

பாம்பனுக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் குடியிருப்பில் நடந்தது இது. நாட்டுப்படகில் தனியாகப் போன ஒருவர் கரை திரும்பவில்லை. படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குப் போனபோது 8 ஆண்டுகள் ஓடியிருந்தன. 13 வயது மகன் பள்ளியை விட்டுவிட்டு மீன் இறங்குதளத்தில் ஐஸ் சுமந்துகொண்டிருந்தான். அவனுக்கு அடுத்தவள் 11 வயதுப் பெண். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு என்பதால், அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் பையன் பள்ளிக்குத் திரும்பிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். கணவரை இழந்த பெண் என்ற தகுதியில் விண்ணப்பிப்பதே எனக்குத் தெரிந்த நேர்வழி. ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகளாக, வழக்கமாகத் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கருதலாம் என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. நீதிமன்றத்தில் மனுப் போட்டு இறப்புச் சான்று பெறுவதற்கான தாள்களை நானே தயார் செய்து எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஐந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் டீ போட்டுக் கொடுத்தார், தாளை வாங்கி மடித்து அலமாரிக்கு மேல் வைத்தார், அவ்வளவுதான். ஐந்தாவது முறை மாமியார்தான் வாய் திறந்தார்: “ஏத்தா, நாமளே எழுதிக் குடுத்தா, நாமளே எம் புள்ளையக் கொன்ன மாதிரி ஆகாதா?” நான் அலுவலகத்துக்குத் திரும்பி, ‘தாய் ஒத்துழைக்க மறுக்கிறார், பிள்ளைகளின் நலனில் அக்கறை காட்டவில்லை’ என்று எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து, வேறு ஒரு வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வு கண்ணில் பட்டது. வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை அவர் 1970களில் ஆராய்ந்தவர். ஆள் இல்லை, ஆனால் இறந்ததற்கும் உறுதி இல்லை என்ற நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று அவர் பிரித்துப் பார்த்தார். அந்த நிலையில் துக்கம் தொடங்கவும் முடியாமல் முடியவும் முடியாமல் நிற்கிறது என்றும், குடும்பம் உறைந்துபோவதற்குக் காரணம் அந்தப் பெண்ணின் குணமோ மனநோயோ அல்ல, அவள் மாட்டிக்கொண்ட நிலைமையே என்றும் அவர் சொன்னார். ‘முடிவுக்கு வந்துவிடு’ என்று வெளியாள் நெருக்குவது குடும்பத்தை மேலும் இறுக வைக்கும் என்பதைப் படித்த இடத்தில், அலமாரிக்கு மேல் மடித்து வைத்த தாள்தான் நினைவுக்கு வந்தது. நான் ஐந்து முறை நெருக்கியிருந்தேன்.

அடுத்த முறை தாள் இல்லாமல் போனேன். அவர் திரும்ப வருவார் என்று நினைக்கும் நாள்களும், வரமாட்டார் என்று நினைக்கும் நாள்களும் உண்டா என்று மட்டும் கேட்டேன். இரண்டும் ஒரே நாளில் வரும் என்றார் அந்த அம்மா. அன்றைக்குத்தான் நிறையப் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என் கோப்பில் இருந்த குடும்ப வரைபடத்தைப் பார்த்துவிட்டாள். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், இறந்தவர்களுக்கு மேலே பெருக்கல் குறி என்பது எங்கள் வழக்கம். “இது அப்பாவா? எதுக்குப் பெருக்கல் போட்டிருக்கீங்க?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ரப்பர் வாங்கி அழித்தேன், பேனாவால் போட்ட குறி என்பதால் தாள்தான் கிழிந்தது.

ஆனால் அந்த ஆய்வு மட்டும் எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. நம்பிக்கை விட்டுப்போகாததால்தான் அவர் கையெழுத்துப் போடவில்லை என்று நானும் கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். பழகிய பிறகுதான் இன்னொன்றையும் சொன்னார். மகளுக்குச் சடங்கு வரும் வயது. கையெழுத்துப் போட்டால் பொட்டும் தாலியும் போகும், போனால் மகளை மனையில் உட்கார வைக்கும்போது தாய் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். விமானிகளின் மனைவிமார் கொடுக்க வேண்டியிராத விலை இது. வெளியூர் ஆய்வு எனக்கு ஒரு கதவைத் திறந்து விட்டது உண்மை, உள்ளே இருந்த சாமான்களை அந்த வீட்டார்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு தந்தையின் நிலையை விட்டுவிட்டு, வேலைக்குப் போகும் சிறுவன், அதனால் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்ற அடிப்படையில் நலக்குழுவிடம் போனோம். அறிக்கையில் தந்தையைப் பற்றி ‘கடலில் காணாமல் போனவர்’ என்று மட்டும் எழுதினேன். உத்தரவு வர இழுத்தது, ஆனால் வந்தது. பையன் பள்ளிக்குப் போகிறான். சனி, ஞாயிறுகளில் ஐஸ் சுமக்கிறானா என்று நான் துருவிக் கேட்பதில்லை, கேட்க வேண்டும் என்பது தெரிந்தும்.

ஆய்வின் பெயரால் நடக்கும் அவசரமும் உண்டு. ஒரு பயிற்சியில், குழந்தைப் பருவப் பாதிப்புகளைப் பற்றி அமெரிக்காவில் 1998இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வின் வழியில் அமைந்த பத்துக் கேள்விகளைக் கொடுத்து, பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வீட்டில் யாராவது சிறைக்குப் போனதுண்டா என்பது அதில் ஒன்று. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வரைந்த கடல் எல்லையைத் தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் பிள்ளைக்கும் அதில் ஒரு மதிப்பெண், திருட்டு வழக்கில் உள்ளே போனவரின் பிள்ளைக்கும் அதே ஒரு மதிப்பெண். தந்தை இறந்துபோவது பத்தில் எங்கும் இல்லை. மக்கள் தொகையின் போக்கைப் பார்க்க உருவான அளவுகோலைத் தனிப் பிள்ளையின் மேல் வைத்து அளக்கக் கூடாது என்று, அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான இராபர்ட் ஆண்டாவும் பிறரும் 2020இல் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி கொடுத்தவர்களுக்கு அது எட்டவில்லை போலும்.

எங்கள் கையாலேயே செய்த ஒரு சிறிய ஆய்வையும் சொல்ல வேண்டும். பாம்பன் தீவுப் பக்கம் ஒரு பள்ளியில், பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் அடிக்கடி வருவதில்லை, ‘பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியவில்லை’ என்று என்னிடம் புகார் வந்தது. நானும் தலையாட்டியிருப்பேன். உடன் வேலை பார்க்கும் தோழி, அவளும் ஒரு மீனவர் வீட்டுப் பெண்தான், வருகைப் பதிவேட்டை வாங்கித் தினசரி நாட்காட்டியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். விடுப்புகள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கொத்துக் கொத்தாக விழுந்திருந்தன. அந்த நாள்களில்தான் நீர் நன்றாக வற்றும். பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, தீவுகளை ஒட்டிய பாறைகளில் கடற்பாசி எடுக்கப் போவார்கள். பாசி வளம் அழியாமல் இருக்க மாதம் 12 நாள் மட்டும் எடுப்பது என்று பாம்பன் தீவில் உள்ள சின்னப்பாலத்துப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது பலருக்கும் தெரிந்த செய்தி. தாய் விடியலில் படகேறினால் கைக்குழந்தையை மூத்த பெண் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கன்வாடி அவ்வளவு சீக்கிரம் திறப்பதில்லை. படிப்பின் அருமை தெரியாத வீடு என்று எழுத இருந்த இடத்தில் நாங்கள் கண்டது ஒரு நேரப் பிரச்சினை.

அதை ஒரு பக்கத்தில் எழுதி, பதிவேட்டின் நகலோடு மேலே அனுப்பினோம். நல்ல கவனிப்பு என்று பாராட்டினார்கள். அங்கன்வாடியின் நேரம் மாறவில்லை. அந்தத் தெருவில் கடலுக்குப் போக முடியாத ஒரு அப்பத்தா, பாசி நாள்களில் மட்டும் நான்கைந்து குழந்தைகளைத் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். தாய்மார்கள் ஆளுக்குக் கொஞ்சம் கொடுக்கிறார்கள். தோழி இன்னும் பதிவேட்டையும் நாட்காட்டியையும் மாதாமாதம் ஒப்பிட்டுக் குறித்து வருகிறாள், போன அமாவாசைக்கு இரண்டு பெண்கள் மட்டும் வரவில்லை என்றாள், அவர்கள் வீட்டுக்கு நாளை போக வேண்டும்.