செடி வாங்கும் முன் வரைபடம்

பல்லடம் பக்கம் வீடு கட்டி முடித்தபோது சுற்றிலும் பத்து சென்ட் காலியாகக் கிடந்தது. ஒரு நர்சரியில் 'டிசைன் இலவசம்' என்றார்கள்; கையில் கொடுத்தது செடிகளின் விலைப்பட்டியல். அதனால் செடி விற்காமல், கட்டணம் வாங்கிக்கொண்டு தோட்டம் வடிவமைத்துத் தரும் கோவைப் பெண்மணி ஒருவரைப் பிடித்தோம். வரைவதற்கா இவ்வளவு காசு என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இந்தச் செடி உங்களுக்கு வேண்டாம் என்று தயங்காமல் சொல்ல, விற்பனையில் பங்கில்லாத ஆள்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

முதல் நாள் அவர் செடிப் பேச்சையே எடுக்கவில்லை. போர் தண்ணீர் உப்பா, செப்டிக் டேங்க் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விசாரித்தார். அப்புறம் வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டார். "சாயங்காலம் கட்டில் போட நெழலு இருந்தாப் போதும் அம்மிணி" என்றார் அம்முச்சி (அம்மாவின் அம்மா). வரைபடத்தில் அதற்குத்தான் முதல் இடம்: வீட்டின் கிழக்குப் பக்கம். மாலையில் வீட்டு நிழலே அங்கே விழும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகாத்தும் (மேற்குக் காற்றும்) நேராகத் தாக்காது. மேற்கு எல்லையில் புங்கன், பூவரசு வரிசை. மதில் காற்றை மேலே எழுப்பி இந்தப் பக்கம் சுழற்றிவிடும், மரவரிசை சல்லடைபோல் காற்றைச் சலித்து வேகத்தைக் குறைத்துவிடும் என்று விளக்கினார்.

எனக்கு வாசலில் இட்லிப்பூ வேலி வைக்க ஆசை. மண்ணைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்ததில் சுண்ணாம்பு மிகுந்த கார மண் என்று வந்தது. பக்கத்து வீட்டு இட்லிப்பூவைக் காட்டினார்: கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. "இது தண்ணிக் குறை இல்லைங்க. மண்ணுல இரும்பு இருந்தாலும் செடியால எடுக்க முடியலைங்க." அன்னபேதி (இரும்புச் சத்துள்ள உப்பு) கரைத்துத் தெளிக்கலாம், ஆனால் விடாமல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காகிதப்பூவுக்கு மாறினோம்.

புல்வெளிதான் பெரிய விவாதம். ஆயிரம் சதுர அடி கேட்டிருந்தேன். கோடையில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்றாலே 465 லிட்டர் ஆகிறது. எங்கள் ஊரில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் புகை மட்டும் பறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உறைக்கும். கட்டில் போடும் இடத்தை ஒட்டி மட்டும் கொஞ்சம் எருமைப்புல்; அது ஓரளவு நிழல் தாங்கும். மற்றதெல்லாம் சொட்டுநீரில் வளரும் மரமும் புதரும்.

பணத்துக்குத் தக்கபடி வேலையை இரண்டாகப் பிரித்துக்கொடுத்தார். முதலில் மண் மட்டம், பைப், மழைநீர்க் குழி; ஐப்பசி மழையோடு நடவு. நீங்கள் யாரிடம் வரைந்தாலும், பைப்பும் ஒயரும் மதிலிலிருந்து எத்தனை அடியில் போகின்றன என்று குறித்த தாளைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நடவுக்குக் குழி எடுத்தபோது கடப்பாரை பைப்பில் படாமல் காப்பாற்றியது அந்தத் தாள்தான்.